இறந்தவர் பெயரில் ஒரு சேட்டக்: ஸ்பேனரைத் தொடும் முன்

கடிதத்தின் சுருக்கம்

மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து 34 வயது வாசகர் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்கிறார். எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர் வைத்திருந்த 1998-ஆம் வருடத்து பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டர் மீது இவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண். அதில் முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறார். ஆசிரியர் 2016 வாக்கில் ஓட்டுவதை நிறுத்தி வண்டியை மாட்டுக்கொட்டகையில் விட்டுவிட்டார். 2019-இல் காலமானார். அவர் மனைவி அதற்கு முன்பே போய்விட்டார். ஒரு மகன், இரண்டு மகள்கள்.

போன மாதம் மகன் அந்த வண்டியை 9,000 ரூபாய்க்கு இவரிடம் கொடுத்து, முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். வெளியூரில் இருக்கும் மகள்களுக்கு விஷயம் தெரியாது. ஆர்சி புத்தகம் இன்னும் ஆசிரியர் பெயரில்தான். 2013-இல் ஒருமுறை புதுப்பித்தது, 2018-உடன் முடிந்துவிட்டது. இன்சூரன்ஸ் இல்லை. எஞ்சின் ஜாம். உள்ளூர் மெக்கானிக் ஒருவர், பில் இல்லாத வேறொரு சேட்டக் எஞ்சின் 6,000 ரூபாய்க்கு இருக்கிறது, மாட்டிவிடலாம் என்கிறார்.

இவருடைய திட்டம், பன்னிரண்டு வயது மகனைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே எல்லாவற்றையும் கழற்றி, எலுமிச்சை மஞ்சள் பெயிண்ட் அடித்து, ஊருக்குள் மட்டும் ஓட்டுவது. கையில் 15,000 ரூபாய் இருக்கிறது. மனைவி, "பேசாமல் காயலான் கடையில் போடுங்கள்" என்கிறார். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்குத் தடை வந்துவிட்டதா, முத்திரைத்தாள் போதாதா, ஊருக்குள் ஓட்ட இன்சூரன்ஸ் எதற்கு, எஞ்சினை மாற்றலாமா, வேலையை எங்கிருந்து ஆரம்பிப்பது என்பவை இவருடைய கேள்விகள்.

வழக்கறிஞரின் பதில்

தம்பி, உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி எஞ்சினைப் பற்றித்தான் இருக்கிறது. இந்த வண்டியில் உங்களுக்கு மிகக் குறைவாகத் தொல்லை தரப்போவது அந்த எஞ்சின்தான். வார்ப்பிரும்பு சிலிண்டர், ஒரு பிஸ்டன், ஒரு கார்புரேட்டர், காற்றில் குளிரும் டூ ஸ்ட்ரோக். வால்வு கிடையாது, டைமிங் செயின் கிடையாது. ஜாம் ஆனாலும் லேத் பட்டறையில் சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து, அதாவது போர் போட்டு, ஒரு சைஸ் கூடுதலான பிஸ்டனைப் போட்டால் மறுபடி ஓடும்.

இந்த வண்டி தேறுமா தேறாதா என்பதை முடிவு செய்யப்போவது வேறு இரண்டு இடங்கள். ஒன்று ஆர்சி புத்தகம். இன்னொன்று நீங்கள் சின்ன வயதில் நின்றுகொண்டு போன அந்தத் தகடு. இரண்டையும் பார்க்காமல் ஒரு நட்டைக்கூடக் கழற்றாதீர்கள். முழுசாக நிற்கிற வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். நாலு சாக்கில் கட்டிவைத்த வண்டியை எவரும் திரும்ப வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

மோட்டார் வாகன வழக்கு என் தொழில். என் வீட்டிலும் ஒரு பழைய சேட்டக் நிற்கிறது. அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கும் நானே பதில் சொல்கிறேன். முதலில் காகிதம்.

முத்திரைத்தாள் எதுவரை வரும்

நீங்கள் வைத்திருக்கும் தாள் வெற்றுக் காகிதம் இல்லை. பணம் கொடுத்ததற்கும் வண்டி கைமாறியதற்கும் அது சாட்சி, பத்திரமாக வையுங்கள். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, விற்றவரின் உரிமை. ஆசிரியர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய சொத்து மகனுக்கும் இரண்டு மகள்களுக்கும் சமமாகப் போகும். கல்யாணமாகிப் போன பெண்ணுக்குப் பங்கு இல்லை என்று நம் ஊர்களில் இன்னும் பேசுகிறார்கள். நீங்களும் "மகன்தானே வாரிசு" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. மகன் தன்னுடைய மூன்றில் ஒரு பங்கைத்தான் விற்க முடியும், மற்ற இரண்டுக்கும் சகோதரிகளின் சம்மதம் வேண்டும். 9,000 ரூபாய் வண்டிக்காக யார் வழக்குப் போடப்போகிறார்கள் என்று தோன்றலாம். வழக்கு வராமல் போகலாம், ஆனால் ஆர்டிஓ அலுவலகத்தில் அவர்கள் கையெழுத்து இல்லாமல் ஃபைல் நகராது.

இரண்டாவது, ஆர்சி. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(30) படி, யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். கைமாற்றி விற்ற கார் ஒன்று விபத்தில் சிக்கிய வழக்கில் (நவீன் குமார் எதிர் விஜய் குமார், 2018) உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது. அந்தக் கார் பலர் கை மாறிப் போயிருந்தது. ஆர்சியில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பானது.

இந்தத் தீர்ப்பைப் படித்துவிட்டு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. ஆசிரியரின் பிள்ளைகளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். வண்டி அப்பா பெயரில் இருக்கும்வரை, நாளைக்கு ஏதாவது நடந்தால் வழக்கில் அவர்களையும் சேர்ப்பார்கள். பெயர் மாற்றத்துக்குக் கையெழுத்துப் போடுவது உங்களுக்குச் செய்யும் உபகாரம் இல்லை, அவர்களுக்கே பாதுகாப்பு. அக்காக்களிடம் நேரில் போய், அவர்கள் தம்பியையும் கூட்டிக்கொண்டு, இதை இப்படியே சொன்னால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். ஆளுக்கு ஒரு தொகை கேட்டால் அதையும் பேசித் தீர்த்து, தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நடைமுறை இப்படி. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேளுங்கள். ஆசிரியர் என்பதால் பென்ஷன், வங்கிக் கணக்கு விஷயமாக அப்போதே வாங்கியிருப்பார்கள். இல்லையென்றால் இ-சேவை மையத்தில் அவர்கள் விண்ணப்பிக்கட்டும். அதோடு இறப்புச் சான்றிதழ், மகள்கள் இருவரின் ஆட்சேபணையில்லா உறுதிமொழி. இவற்றை வைத்து மகன் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் தகவல் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இவர்கள் அதைச் செய்யவில்லை. தாமதத்தால் உரிமை போய்விடாது, கட்டணம்தான் கூடும். அதன் பிறகு மகனிடமிருந்து உங்களுக்கு, படிவம் 29, 30.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வண்டி எண்ணை மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பழைய ஆர்சி புத்தகங்கள் சில கணினியில் ஏறாமலே கிடக்கும். அப்படியானால் பழைய பதிவை முதலில் ஏற்றித் தரச் சொல்லி ஆர்டிஓ அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். ஆர்சியில் கடன் கொடுத்த வங்கி அல்லது ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். 1998-இல் தவணையில் வாங்கி, கடனை அடைத்துவிட்டு, ஆர்சியில் அந்தப் பெயரை எடுக்காமலே விட்டவர்கள் ஏராளம். இருந்தால் கடன் தீர்ந்த கடிதமும் படிவம் 35-உம் வேண்டும்.

பதினைந்து வருடத் தடை

இது பாதி வதந்தி. பதினைந்து வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்குத் தடை என்று நீங்கள் கேள்விப்பட்டது டெல்லி தலைநகர் வட்டாரத்துக்காகப் பசுமைத் தீர்ப்பாயமும் உச்ச நீதிமன்றமும் போட்ட உத்தரவுகளிலிருந்து வந்த செய்தி. தமிழ்நாட்டில் அப்படி ஒரு தடை இல்லை. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு பதினைந்து வருடம் செல்லும். அதன் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். ஆசிரியரே 2013-இல் அதைச் செய்திருக்கிறார்.

உங்களை உறுத்த வேண்டியது கட்டணம். 2025 ஆகஸ்ட்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இருபது வருடம் தாண்டிய இருசக்கர வாகனத்தின் பதிவைப் புதுப்பிக்க 2,000 ரூபாய். அது பெரிய விஷயம் இல்லை. புதுப்பிக்கத் தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய் என்று மத்திய விதியில் இருக்கிறது. ஏழு வருடத் தாமதம் என்றால் 84 மாதம், 25,200 ரூபாய். வண்டிக்கு நீங்கள் கொடுத்த விலையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல். மேற்கொண்டு பசுமை வரி, பெயர் மாற்றக் கட்டணம். "ஆர்சி எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று உங்கள் மெக்கானிக் சொன்னாரே, அந்த அப்புறத்துக்கு விலை இதுதான். ஆர்டிஓ அலுவலகத்தில் உங்கள் வண்டி எண்ணைச் சொல்லி, மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று ஸ்பேனர் வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 15,000 ரூபாயில் எல்லாம் முடியும் என்ற கணக்கு அங்கேயே உடைந்துவிடும். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆசைக்குச் செய்யும் வேலைக்கு லாப நஷ்டம் பார்க்க முடியாது, ஆனால் தொகை தெரிந்திருக்க வேண்டும்.

ஊருக்குள் மட்டும்தானே

பிள்ளையார் கோவில் வரைக்கும் போய் வருவதற்கு இன்சூரன்ஸா என்று கேட்டிருக்கிறீர்கள். பொது இடம் என்றால் சட்டத்துக்குக் கோவில் தெருவும் ஒன்றுதான், நான்குவழிச் சாலையும் ஒன்றுதான். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பதிவில்லாமல் ஓட்டுவதற்கு 5,000 ரூபாய் வரை தனி அபராதம். அபராதத்தை விடுங்கள், கட்டிவிட்டுப் போய்விடலாம். தெருவில் விளையாடும் குழந்தை மேல் வண்டி இடித்தால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகை முழுவதும் உங்கள் தலையில் விழும். இந்த மாதிரி வழக்குகளில் வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். 75 முதல் 150 சிசி வரையுள்ள வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022-இல் வந்த அறிவிப்பின்படி 714 ரூபாய், வரி தனி. இதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

இன்னொன்று. இதுவரை கியர் இல்லாத வண்டிதான் ஓட்டியிருக்கிறேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் லைசென்ஸை எடுத்துப் பாருங்கள். கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் கொடுத்தது என்றால், சேட்டக் ஓட்ட அது செல்லாது.

பில் இல்லாத எஞ்சின்

வேண்டாம். எஞ்சினை மாற்றினால் எண் மாறும், எண் மாறினால் ஆர்சியோடு பொருந்தாது. பிரிவு 52 படி முன்அனுமதி வாங்கித்தான் மாற்ற வேண்டும். பில் இல்லாத எஞ்சினுக்கு அந்த அனுமதி கேட்கவே முடியாது. அது திருட்டு வண்டியிலிருந்து கழற்றியது என்றால், காவல் நிலையத்தில் பதில் சொல்லப்போவது நீங்கள்தான், மெக்கானிக் அல்ல. உங்கள் எஞ்சினைப் போர் போடுவதற்கு என்ன செலவு என்று இன்னும் இரண்டு பேரிடம் விசாரியுங்கள். சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடங்களில் கதவு, மூடி, விளக்கு, மட்கார்டு என்று பழைய பாகம் வாங்குங்கள், தப்பில்லை. எண் பொறித்த பாகத்தை மட்டும் பில் இல்லாமல் தொடாதீர்கள்.

எலுமிச்சை மஞ்சளுக்கும் இதே சங்கதிதான். ஆர்சியில் நிறம் பதிவாகியிருக்கும். மாற்றினால் அதையும் பதிவு செய்ய வேண்டும். ஆய்வாளர் முன்னால் முதலில் பழைய நிறத்திலேயே நிறுத்துங்கள் என்பது என் யோசனை. ஒரு தாவா குறையும்.

கொட்டகையில் எங்கிருந்து தொடங்குவது

படிவம் 31-க்கான காகிதங்கள் நகரத் தொடங்கிவிட்டன, அக்காக்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதிவைப் புதுப்பிக்க வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் நேரில் பார்ப்பார். பிரேக், விளக்கு, ஹாரன் எல்லாம் வேலை செய்ய வேண்டும். ஆகவே அதற்குள் பழுது பார்த்தாக வேண்டும். பார்த்த பிறகு ஆர்டிஓ அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், குட்டியானையில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

முதல் வேலைக்கு ஒரு பென்சிலும் வெள்ளைத்தாளும் போதும். சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் எங்கே பொறித்திருக்கிறது என்று கண்டுபிடித்து, எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்து, தாளை மேலே வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுங்கள். ஆர்சியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். அந்த இடங்களில் கிரைண்டர் படக்கூடாது, பட்டி பூசக்கூடாது. பெயிண்டர் வந்ததும் நீங்கள் அவரிடம் சொல்லும் முதல் வார்த்தை இதுவாக இருக்கட்டும். பளபளவென்று பெயிண்ட் அடித்து எண்ணை மூடிவிட்டு, ஆய்வாளர் முன்னால் சுரண்டிக்கொண்டு நிற்பவர்கள் உண்டு.

அடுத்தது தகடு. மோட்டார்சைக்கிள் மாதிரி சேட்டக்குக்குத் தனியாக ஃபிரேம் கிடையாது. அச்சில் அழுத்திச் செய்த அந்த இரும்புத் தகடு உடம்பேதான் ஃபிரேம். மாட்டுக்கொட்டகையில் ஒன்பது, பத்து வருடம் நின்ற வண்டி. மூத்திரமும் ஈரமும் இரும்பைத் தின்றிருக்கும். ரப்பர் மேட்டைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் முனையால் அங்கங்கே குத்துங்கள். 'டங்' என்று சத்தம் வந்தால் நல்லது. 'பொதுக்' என்று உள்ளே போனால் அங்கே இரும்பு இல்லை, பெயிண்டும் துருவும்தான் இருக்கிறது. பின்னால் எஞ்சின் தொங்கும் இடம், பிரேக் மிதி பொருத்திய இடம், ஸ்டாண்டு பிடித்திருக்கும் இடம் ஆகிய மூன்றையும் கட்டாயம் குத்திப் பாருங்கள். ஓரத்தில் ஒரு கை அகலம் உளுத்திருந்தால் நல்ல டிங்கர் புதுத் தகடு வெட்டி வைத்து வெல்டிங் செய்துவிடுவார். எஞ்சினைத் தாங்கும் இடமே உளுத்திருந்தால் இந்த வண்டியை ஓட்டுவதற்காகப் பழுது பார்க்காதீர்கள். அதன் மேல் பட்டி பூசி மறைக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் நடுவில் முறிந்தால் பின்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் பையன்.

தகடு தேறிவிட்டதா? சரி, இனி கழற்றலாம். ஓடவைப்பதற்கு முன்னால் நிறுத்துகிற வேலை. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டு 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த வயது ரப்பர் குப்பைக்குத்தான்.

டயரைக் கழற்றும்போது ஒரே ஒரு விஷயம், மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். சேட்டக்கின் ரிம் இரண்டு பாதியாகச் செய்து நட்டுப் போட்டு இணைத்தது. சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட்டுகள் வேறு, ரிம்மின் இரண்டு பாதியைப் பிடிக்கும் நட்டுகள் வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ட்யூபில் காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றினால் ரிம் வெடித்தாற்போலப் பிரிந்து முகத்தில் அடிக்கும். வால்வு பின்னைக் கழற்றிக் காற்று முழுக்க இறங்கிய பிறகே கை வைக்க வேண்டும். இந்த வேலையைப் பையனிடம் கொடுக்காதீர்கள்.

பிரேக் டிரம்மைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் தூசி இருக்கும். வாயால் ஊதுவது, ஏர் அடிப்பது இரண்டும் கூடாது. அந்தக் காலத்து பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. முகக்கவசம் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீர் தெளித்து ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கட்டித் தூரப் போட்டுவிடுங்கள். ஷூ புதிது, பிரேக் கேபிள் புதிது, கிளட்ச், கியர் கேபிள்களும் புதிது. கேபிளில் பழசைத் தக்கவைக்கப் பார்ப்பது வீண் கஞ்சத்தனம்.

பிறகு பெட்ரோல் வழி. டேங்கில் இருப்பது இப்போது பெட்ரோல் இல்லை, வார்னிஷ் வாடை அடிக்கும் பழுப்புத் தண்ணீர். அதை வடித்து, உள்ளே துரு இருந்தால் டீசலோடு ஒரு பிடி சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவுங்கள். எத்தனை நட்டுப் போட்டீர்கள் என்று எண்ணிவைத்து அத்தனையும் வெளியே எடுங்கள். டேங்கில் ஓட்டை இருந்தால் அப்படியே வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். காலி டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும், வெடிப்பதும் அதுதான். பெட்ரோல் ட்யூப், ஃபில்டர், கார்புரேட்டர் கேஸ்கெட் எல்லாம் மாற்றுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். 1998-இல் செய்த ரப்பரை அது சீக்கிரம் பதம் பார்த்துவிடும். கார்புரேட்டரின் ஜெட்டில் பிசின் அடைத்திருந்தால் கம்பியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். கிளீனரில் ஊறவைத்து ஊதினால் போதும்.

இந்தக் கழுவுகிற வேலையெல்லாம் திறந்த வெளியில் நடக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட கனமானது, தரையோடு தவழ்ந்து சமையலறை அடுப்பு வரை போகும். பாகம் கழுவுவதற்குப் பெட்ரோல் வேண்டாம், டீசல் போதும்.

கடைசியில்தான் எஞ்சின். ஜாம் ஆன எஞ்சினை உதைத்து இளக்கப் பார்த்தால் கிக்கர் பல்தான் உடையும். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாகக் கொஞ்சம் டூ-டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) டீசலும் கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாகத் தள்ளுங்கள். பாதி வண்டிகள் இதற்கே இளகிவிடும். இளகவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றி, சிலிண்டரை லேத்துக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

இளகிவிட்டது, ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது என்று குதிக்காதீர்கள். கிராங்க் ஷாஃப்டின் இரண்டு பக்கமும் ஆயில் சீல் உண்டு. பத்து வருடம் சும்மா நின்றதில் அவை கல்லாகியிருக்கும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சிக்கொண்டு கொசு மருந்து அடிக்கிற மாதிரி வெள்ளைப் புகை விடும். மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் புகை வராது, அதுதான் ஆபத்து. வெளிக்காற்று உள்ளே போய்க் கலவை நீர்த்து, ஆக்சிலேட்டரை விட்டாலும் எஞ்சின் தானாக அலறும். அப்படியே ஓட்டினால் சூடேறி பிஸ்டன் மறுபடி பிடித்துக்கொள்ளும், நீங்கள் போட்ட போர் காசு போச்சு. இரண்டு சீலையும் மாற்ற எஞ்சினைப் பிரித்தாக வேண்டும். இதை வீட்டில் செய்யாதீர்கள். எஞ்சினை மட்டும் இறக்கி, டூ ஸ்ட்ரோக் பார்த்துப் பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். வெறும் பெட்ரோல் ஊற்றி ஓட்டக்கூடாது, லிட்டருக்கு 20 மில்லி டூ-டி ஆயில். போர் போட்டிருந்தால் முதல் சில டேங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக. கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்காதீர்கள். ஒயரிங்கை எலி கடித்திருக்கும், அதற்குப் புது செட்டே வாங்கிவிடுங்கள். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

காயலான் கடை

உங்கள் மனைவி சொன்னதைக் கிண்டலாக எழுதியிருக்கிறீர்கள். தகடு உளுத்திருந்தால் அவர் சொல்வதுதான் சரி. ஆனால் அதற்கும் ஆர்சி வேலை உண்டு. எடைக்குப் போட்டுவிட்டால் ஆர்சி செத்துப்போகாது. ஆசிரியர் பெயரில் எண் உயிரோடு இருக்கும், அந்த நம்பர் பிளேட்டை வேறு வண்டியில் மாட்டிக்கொண்டு யாராவது திரியலாம். வண்டி ஓடும் நிலையில் இல்லை என்று உரிமையாளர் ஆர்டிஓவுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 55. உரிமையாளர் இறந்துவிட்டதால் அதற்கும் வாரிசுகள்தான் வர வேண்டும். 2021-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் அங்கீகாரம் பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்தாலும் காகிதம் கேட்பார்கள். ஓட்டினாலும் உடைத்தாலும் அந்த இரண்டு அக்காக்களைப் பார்க்காமல் முடியாது.

அவர்கள் மறுத்துவிட்டால்? வண்டியை அப்படியே வைத்துக்கொண்டு, விற்ற மகனிடம், தனக்கு முழு உரிமை இல்லாததை விற்றிருக்கிறார், 9,000 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று பதிவுத் தபாலில் கேளுங்கள். முத்திரைத்தாள் அப்போதுதான் உங்களுக்கு முழுசாகப் பயன்படும். எதிர்வீட்டு உறவு கெட்டுவிடும் என்று தயங்கினால் முதலில் வாய்வார்த்தையாகவே கேட்டுப் பாருங்கள். அதுவரைக்கும் பக்க மூடிகளைக்கூடக் கழற்றாமல், ஒரு தார்ப்பாய் போட்டு மூடி, கீழே நாலு செங்கல் வைத்து ஈரத்தரையிலிருந்து தூக்கி நிறுத்திவையுங்கள்.